50 ஏக்கர் காலி நிலத்தில் ஒரு புதுப் புறநகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், செங்கல்பட்டு பக்கம் மனைப்பிரிவுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்களில் மூன்று வகை உண்டு. தாத்தா காலத்து நிலத்தை அண்ணன் தம்பிகள் சேர்ந்து பிரித்து விற்க நினைப்பவர்கள், புரமோட்டர்கள், மனை வாங்கப் போகிறவர்கள். மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கணக்கு பிடிபடுவதற்காக 50 ஏக்கர் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் நிலம் 10 ஏக்கராக இருந்தால் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

காலி நிலம்தானே? சர்வேயரை வைத்து நேராக மனை பிரித்துவிட்டால் என்ன?

பிரிக்கலாம், பலரும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். ஒருமுறை கல் நட்டு முடித்த நிலம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னையும் கையிலிருந்த வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல யாரு தம்பி வீடு கட்டப் போறது? ஐப்பசில தண்ணி இந்தப் பனை வரிசையை ஒட்டித்தான் போவும்" என்றார். வரைபடத்தில் அந்த இடம் 47 முதல் 52 வரையிலான மனைகள். புல எண் சரி, எல்லைக்கல் சரி, பட்டாவும் சரி. தண்ணீரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர் போகும் வழி, அப்புறம் சாலை, கடைசியில் மனை. மனையில் ஆரம்பித்து மிச்ச இடத்தில் சாலையை நுழைத்து, அதிலும் மிச்சமிருக்கும் சாக்கடை அகலத்தில் தண்ணீரைப் போகச் சொல்வதால்தான் நம் புறநகர்கள் நவம்பரில் தீவுகளாகின்றன.

தண்ணீர் போகும் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

காகிதத்தில் பாதி, கால்நடையாகப் பாதி.

காகிதம் என்றால் எப்.எம்.பி. எனும் புலப்படம், கிராம வரைபடம், எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். உங்கள் நிலத்தை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு எங்கே ஏரி, எங்கே வாய்க்கால் புறம்போக்கு, எங்கே ஓடை, எங்கே வண்டிப்பாதை என்று குறியுங்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஏரிகள் தனித்தனியாகக் கிடப்பவை அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் வரத்துக்காலில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. உங்கள் 50 ஏக்கர் அந்தச் சங்கிலியில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் இருந்தால், பட்டாவில் வாய்க்கால் என்று ஒரு வார்த்தை இல்லாவிட்டாலும் தண்ணீர் உங்கள் வழியாகத்தான் போகும்.

கால்நடை என்றால் உண்மையிலேயே நடப்பது. கோரைப்புல் எங்கே முளைத்திருக்கிறது? பனைகள் வரிசையாக நிற்கின்றனவா? அப்படி நின்றால் அது பெரும்பாலும் பழைய கரை. மண் எங்கே கறுத்து, வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது? நண்டு வளை எதுவரைக்கும் தெரிகிறது? ஊர்ப் பெயரையும் விடாதீர்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி. அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்று பேர் வைத்தவர்கள் பொழுதுபோகாமல் வைக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, டேங்க்கும் இல்லை. 1920களில் நெடிய மாம்பலம் ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகர் வந்தது.

இதெல்லாம் முடிந்தபின் உயர அளவை, அதாவது கான்டூர் சர்வே. அரை மீட்டர் இடைவெளியில் எடுக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து நிலம் தட்டை. ஒரு மீட்டர் இடைவெளியில் எடுத்தால் ஒன்றும் தெரியாது.

கிராவல் அடித்து மூன்றடி உயர்த்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

உங்களுக்குத் தீரும், பக்கத்துத் தெருவுக்கு ஆரம்பிக்கும். அடுத்த வருஷம் அவர் நாலடி உயர்த்துவார். இந்தப் போட்டியில் கடைசியில் மூழ்குவது முதலில் குடிவந்தவரின் பழைய வீடு.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரே நாளில் 10 செ.மீ. மழை சென்னைக்குப் புதிதில்லை. 50 ஏக்கரில் அது 2 கோடி லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் சொன்னால் ஏறத்தாழ 1,700 லாரி. வயலாகவோ தரிசாகவோ இருந்தபோது அதில் நல்ல பங்கை மண் குடித்தது, வரப்பு நிறுத்திவைத்தது. கூரையும் சிமென்டும் போட்டபின் குடிக்க ஆளில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. பதிவானது. அதே 50 ஏக்கரில் அது கிட்டத்தட்ட 10 கோடி லிட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடி வரை தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் மூன்றடி கிராவலைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அப்படிப்பட்ட நாளின் தண்ணீரை எந்தக் குளமும் பிடித்துவைக்காது. அதற்கு வழிவிடத்தான் முடியும். சாதாரண மழையைப் பிடித்துவைக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாதாரண மழைக்குக் குளமும் பள்ளமும், பேய்மழைக்குத் தடையில்லாத பாதை.

50 ஏக்கரில் விற்பதற்கு எவ்வளவு மிஞ்சும்?

சாலைக்கு நாலில் ஒரு பங்கு என்று வையுங்கள், 12.5 ஏக்கர். மிச்சம் 37.5. அதில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு, எல்லோரும் ஓ.எஸ்.ஆர். என்று சொல்வது, இந்த அளவு நிலத்துக்குப் பணம் கட்டித் தப்ப முடியாது, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித்தர வேண்டும். அது 3.75 ஏக்கர். மின்வாரியம், உள்ளாட்சித் தேவைகளுக்கும் கொஞ்சம் போகும். ஆக 33 ஏக்கர் சொச்சம், 2,400 சதுர அடி கிரவுண்டுக் கணக்கில் சுமார் 600 கிரவுண்டு.

அதில் இரண்டு ஏக்கரைக் குளத்துக்கு விடச் சொன்னால் 36 கிரவுண்டு போகும். இந்த இடத்தில்தான் பேச்சுவார்த்தை முறியும்.

ஆமாம், அந்த 36 கிரவுண்டு நஷ்டம்தானே?

அன்றைய தேதிக்கு நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு மீட்டர் ஆழத்தில் இரண்டு ஏக்கர் குளம் 1.6 கோடி லிட்டர் பிடிக்கும். முன்னே சொன்ன 2 கோடி லிட்டர் மழையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கும். குளத்துக்குத் தோண்டிய மண்ணே மனைகளைக் கொஞ்சம் மேடாக்க உதவும், வெளியே கிராவல் வாங்கும் செலவு குறையும். மண்ணை இடம் மாற்றும் முன் கனிமவளத் துறை அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு பழைய கதை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1970களின் நடுவில் மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் என்ற தம்பதி சுமார் 60 ஏக்கரில் வில்லேஜ் ஹோம்ஸ் என்ற குடியிருப்பை ஆரம்பித்தார்கள். மழைநீருக்குப் பூமிக்கடியில் குழாய் வேண்டாம், வீடுகளுக்குப் பின்னால் புல் படர்ந்த ஆழமில்லாத ஓடைகளே போதும் என்றார்கள். நகர அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கொசு வரும், எலி வரும், வேலை செய்யாது என்றார்கள். வேலை செய்யாவிட்டால் குழாய் போட்டுத் தருவதாகப் பிணைத்தொகை கட்டிய பிறகுதான் அனுமதி கிடைத்தது. சில வருஷத்தில் ஒரு பெருமழை. குழாய் போட்ட பக்கத்துக் குடியிருப்புகளின் வடிகால்கள் திணறின, இவர்களுடைய ஓடைகள் தாங்கின. குழாயில் மிச்சம் பிடித்த பணத்தைத் தோட்டத்துக்கும் பழமரங்களுக்கும் போட்டார்கள்.

டேவிஸில் மழை நம்மில் பாதிகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடையின் அகலத்தை அங்கிருந்து காப்பியடிக்கக் கூடாது, வரிசையைக் காப்பியடிக்கலாம்.

குளத்தை எந்த மூலையில் வைப்பது? ஓ.எஸ்.ஆரை எங்கே வைப்பது?

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், விற்காத தாழ்வான மூலையை ஓ.எஸ்.ஆர். ஆக்கிவிடு என்று சொன்னார்கள், ஆக்கினேன். எல்லோரும் செய்வதுதான். மின்வாரியத்துக்கு ஒதுக்கிய இடத்தையும் அதன் பக்கத்திலேயே தள்ளிவிட்டேன். 2015இல் அங்கே போய்ப் பார்த்தபோது விளையாட்டு மைதானத்தில் சறுக்குமரத்தின் மேல்படி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. டிரான்ஸ்பார்மரின் இடுப்பு வரை தண்ணீர். மழை விட்டு நாளாகியும் அந்த மனைப்பிரிவு முழுக்க இருட்டு.

தாழ்வான மூலை குளத்துக்கு. மைதானம் நடுவில், எல்லா வீட்டிலிருந்தும் குழந்தை தனியாக நடந்து வரக்கூடிய தூரத்தில். மைதானத்தைச் சாலை மட்டத்திலிருந்து ஓரடி இறக்கிவைத்தால் ஒருநாள் மழையைத் தாங்கி மறுநாள் உலர்ந்துவிடும். டிரான்ஸ்பார்மர், நீரேற்றும் அறை, சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டார் எல்லாம் இருப்பதிலேயே மேடான இடத்துக்கு. மேடான இடம்தான் நல்ல விலைக்குப் போகும் என்பார்கள். போகட்டும், ஒரு மனை குறைகிறது, அவ்வளவுதான்.

சாலை எவ்வளவு அகலம் வேண்டும்?

விதி கேட்கும் அகலத்துக்குக் கீழே போக முடியாது, போகவும் வேண்டாம். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வர வேண்டும். ஆனால் 30 அடிச் சாலை என்றால் 30 அடிக்கும் சிமென்ட் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 18 அடி மட்டும் போடுங்கள், அதில் இரண்டு கார் எதிரெதிரே போகும். மிச்ச 12 அடியில் இருபுறமும் மண், மரம், மழைநீருக்குச் சின்னப் பள்ளம்.

12.5 ஏக்கர் சாலையில் இப்படிச் செய்தால் 5 ஏக்கர் மண்ணாகவே இருக்கும். அவ்வளவு சிமென்ட் செலவு மிச்சம், அவ்வளவு சூடும் குறைவு. மே மாதம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு சிமென்ட் சாலையிலும் வேப்பமரத்தடி மண்ணிலும் நின்று பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த மண் ஓரத்தை வீட்டுக்காரர்கள் மெதுவாகப் பிடிப்பார்கள். முதலில் செம்பருத்தி, அப்புறம் கார் ஏற்றச் சாய்தளம், அப்புறம் ஒரு படிக்கட்டு. கார் உள்ளே ஏற ஒரு வீட்டுக்கு ஓரிடம், அதன் கீழே தண்ணீர் போகக் குழாய் என்று கட்டும்போதே அமைத்துக்கொடுத்துவிட்டால் இந்தச் சண்டை பாதி குறையும்.

வீடுகள் எந்தத் திசை பார்க்க வேண்டும்? வாஸ்துப்படி பார்த்தால் போதாதா?

வாஸ்து பார்ப்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை, தொழில் நடக்க வேண்டும். ஆனால் தெருக்களைக் கிழக்கு மேற்காக ஓட விட்டால் வீடுகள் வடக்கு அல்லது தெற்கு பார்த்து அமையும், வெயிலுக்கு அதுதான் நல்லது. நமக்கு எதிரி மேற்குச் சுவர். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். உச்சி வெயிலைச் சன்னலுக்கு மேல் இரண்டடிப் பலகம் தடுத்துவிடும். சாயங்கால வெயிலை எதுவும் தடுக்காது, அது கிடைமட்டமாக வந்து சுவரைச் சுடும். ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும்.

மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் உயரமான கட்டடத்தையோ மொட்டை மதிலையோ நிறுத்தினால் உள்ளே இருக்கும் அத்தனை வீட்டுக்கும் ஏ.சி. பில் ஏறும்.

குடிநீருக்கு என்ன வழி? போர் போட்டால் வந்துவிடுமே?

வரும், எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. 2019 ஜூனில் ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகள் லாரிக்காகக் காத்துக் கிடந்ததும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததும் நினைவிருக்கும். கடலோரமாக இருந்தால் ஆழ போர் உப்பை இழுத்து வந்துவிடும். ஒருமுறை வந்தால் எளிதில் போகாது.

சென்னை வட்டாரத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. 1,000 சதுர அடிக் கூரையில் விழுவது 1.3 லட்சம் லிட்டர். நாலு பேர் குடும்பம், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்கில் வருஷத்துக்குச் செலவழிப்பது சுமார் 2 லட்சம் லிட்டர். சிந்தியது சிதறியது போகப் பாதித் தேவை தலைக்கு மேலேயே விழுகிறது. சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் விழுந்து முடிந்துவிடும். மேற்கு ஜன்னல் கொதிக்கும் மே மாதத்துக்கு அதை எங்கே வைப்பது? வீட்டுக்கு வீடு தொட்டி கட்ட இடமிருக்காது. அதனால் கொஞ்சம் தொட்டியில், மிச்சம் மண்ணுக்குள். பொதுக் குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று திறந்த கிணறு வெட்டி, எல்லோருக்கும் அதிலிருந்து வினியோகம் செய்வது நல்லது. மனைக்கு ஒரு போர் என்று விட்டால் ஆயிரம் உறிஞ்சுகுழல் ஒரே டம்ளரில் இருக்கும்.

மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல வீட்டில் அது அனுமதிக்காகப் போட்ட ஒரு குழாய், அதன் கீழ்முனை எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

கழிவுநீருக்கு வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் போதாதா?

தனி வீடு, பெரிய தோட்டம் என்றால் போதும். அரை கிரவுண்டில் வீடு, அதற்குள் போர், அதிலிருந்து பத்தடியில் செப்டிக் டேங்க் என்றால் எதை எதிலிருந்து எடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும், சின்ன மனையில் அது நடக்காது. மேலும் டேங்க் நிரம்பினால் லாரி வரும், அது ராத்திரியில் எங்கே போய்க் கொட்டுகிறது என்பது ஊரறிந்த ரகசியம்.

50 ஏக்கரில் காலப்போக்கில் ஆயிரம் குடும்பம், 4,000 பேர் வருவார்கள் என்று வைத்தால் நாளைக்கு 4.3 லட்சம் லிட்டர் கழிவுநீர். அதற்குப் பொதுச் சுத்திகரிப்புதான் சரி. மோட்டார் நிறைய ஓடும் ரகம் இடம் கம்மியாகப் பிடிக்கும், ஆனால் மின்கட்டணமும் ஆபரேட்டர் சம்பளமும் மாதாமாதம் கேட்கும். சங்கம் பணம் கட்டாத மாதம் முதலில் நிறுத்தப்படுவது அதுதான். தொட்டி, தடுப்பறைகள், ஜல்லியில் கல்வாழையும் நாணலும் வளர்த்த படுகை, கடைசியில் ஒரு சின்னக் குளம் என்ற மெதுவான ரகம் அதிக இடம் கேட்கும். நிலம் இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே அந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள். மனை விற்றபின் ஒரு சென்ட்கூடக் கிடைக்காது.

சுத்திகரித்த தண்ணீர் கழிவறைக்குத் திரும்பிப் போக இரண்டாவது குழாய் போடுங்கள். ஆளுக்கு 45 லிட்டர் அதில்தான் போகிறது; 4,000 பேருக்கு 1.8 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் மிச்சம். சாலை தோண்டியிருக்கும்போதே போட்டால் செலவு கொஞ்சம், பிறகு என்றால் அதை மறந்துவிடலாம்.

என்ன மரம் வைக்கலாம்?

புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம் தெருவுக்கு. குளக்கரைக்கு நீர்மருது, நாவல். 2016 டிசம்பர் வர்தா புயலில் குல்மோகர் வகையறா வேரோடு சாய்ந்து கிடந்ததை மறந்துவிட்டு இன்னும் அதையே நடுகிறோம், பூ அழகாக இருப்பதால்.

மரத்துக்கு முன் வரப்பு போடுங்கள். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் செம்மண் பொட்டல், மழை மண்ணை வாரிக்கொண்டு கடலுக்குப் போனது. அங்கே வரப்பும் தடுப்பும் போட்டுத் தண்ணீரை நிறுத்தியதால்தான் நட்டது பிழைத்தது. இன்னொன்று, நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்களை ஜேசிபி வருவதற்குமுன் எண்ணிப் படத்தில் குறித்துவிடுங்கள். 40 வயதுப் புளியமரத்தை எந்த நர்சரியிலும் வாங்க முடியாது.

சோலார்?

போடுங்கள். கூரையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத இடம் விட்டால் போதும். மேலே சொன்னவற்றில் கோட்டைவிட்டு சோலார் மட்டும் வைத்துவிட்டு விளம்பரத்தில் பசுமை நகர் என்று போடுவதுதான் எனக்கு ஒவ்வாது.

குப்பை?

2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மதில் சூழ்ந்த குடியிருப்புகளில் மக்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே உரமாக்கச் சொல்லிவிட்டன. உரக்கொட்டகையை நுழைவாயில் பக்கத்தில் வைக்காதீர்கள், கண்காணாத கோடியிலும் வைக்காதீர்கள். கண்காணாத இடத்தில் வைத்தால் அது குப்பைமேடாகிவிடும்.

ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. எல்லோரும் கார் வைத்திருப்பார்கள்தானே?

அப்பா கார் எடுத்துப் போய்விடுவார். பிளஸ் டூ படிக்கும் பெண்ணும், மாத்திரை வாங்கப் போகும் தாத்தாவும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் என்ன செய்வார்கள்? தாம்பரம் புறநகராக வளர்ந்ததற்குக் காரணம் 1931இல் கடற்கரையிலிருந்து அங்கே ஓட ஆரம்பித்த மின்சார ரயில். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு, வழியில் கடை, காய்கறி, டாக்டர். அதை விட்டுவிட்டு இன்று பிரதான சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போய் மனை போடுகிறோம்.

நிலம் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பாருங்கள். நிலம் ஏற்கெனவே இருந்தால், பஸ் உள்ளே வந்து திரும்பிப் போகும் அளவுக்கு ஒரு சாலையை அகலமாக விடுங்கள். பல மனைப்பிரிவுகளில் கடைசித் தெரு மதிலில் முட்டி நிற்கும், பஸ் வர நினைத்தாலும் முடியாது. நுழைவாயிலில் நாலைந்து கடைக்கு மனை ஒதுக்குங்கள். மளிகை, மருந்து, அயர்ன் வண்டி நிற்க ஒரு நிழல். ஒதுக்காவிட்டாலும் அயர்ன் வண்டி வரும், வெயிலில் நிற்கும்.

சுற்றி மதில் எழுப்பி கேட் போடலாமா?

எனக்குப் பிடிக்காது, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த 50 ஏக்கர் உங்களுக்குக் காலி. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது மாடு ஓட்டிப்போன வழி, பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழி, சில இடங்களில் சுடுகாட்டுக்குப் போகும் பாதை. பட்டாவில் எழுதாத உரிமைகள் இவை. மதில் எழுப்பிய அன்றே பகை ஆரம்பம். தண்ணீருக்கும் மதில் ஆகாது. தொடர்ச்சியான சுவர் ஒரு குட்டி அணைக்கட்டு, பின்பக்கத்து ஊரில் தண்ணீர் நின்றால் ராத்திரியோடு ராத்திரியாக உடைத்துவிடுவார்கள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

ஏழை எளியவர்களுக்கென்று விதி கேட்கும் சின்ன மனைகளையும் ஒரு மூலையில் ஒதுக்கி நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். தெருவோடு தெருவாகக் கலந்து போடலாம். வில்லேஜ் ஹோம்ஸ் வீடுகள் இன்று டேவிஸில் விலை உயர்ந்தவற்றுள் சேர்ந்துவிட்டன. நல்ல இடம் விலை ஏறும், ஏறினால் முதலில் வெளியேறுவது யார் என்று தெரியும். சின்ன மனைகளையாவது ஆரம்பத்திலேயே கலந்துவிட்டால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

அனுமதி எங்கே வாங்குவது?

சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. எனும் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், வெளியே என்றால் டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககம். 1,189 சதுர கி.மீ. ஆக இருந்த பெருநகர் எல்லையை 5,904 ஆக விரிக்க 2022இல் அரசாணை வந்தது, அதனால் எல்லையோரத்தில் இருந்தால் உங்கள் கிராமம் யாரிடம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலம் நஞ்சையாக இருந்தால் வகைமாற்றம் கடினம், வேளாண் துறையின் கருத்து கேட்பார்கள். கடினமாக இருப்பது நல்லதுதான். வெள்ளம் சூழும் இடமா என்று நீர்வளத் துறையின் சான்று வேண்டும். அதை ஒரு காகிதமாகப் பார்க்காமல், வரும் பொறியாளரோடு நீங்களும் நிலத்தில் நடங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் என்றால் ரெரா எனும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது எத்தனை பேர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள் என்று பத்திரப்பதிவு அலுவலக வாசலில் கேட்டால் தெரியும்.

எல்லாம் கட்டி முடித்தபின் யார் பார்த்துக்கொள்வது?

இதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை. புரமோட்டர் கடைசி மனை விற்றதும் போனை எடுக்க மாட்டார். சங்கம் ஆரம்பிப்பார்கள், முதல் வருஷம் பொங்கல் கோலப்போட்டி நடக்கும், மூன்றாம் வருஷம் சந்தா கட்டுகிறவர் பாதிப்பேர். குளத்தைத் தூர்வாருவது, ஓடையில் புல் வெட்டுவது, படுகையில் நாணலை மாற்றுவது எல்லாம் வருஷா வருஷம் வரும் செலவு. மனை விலையிலேயே சதுர அடிக்கு ஒரு தொகை சேர்த்து வைப்புநிதியாகப் போட்டு, வட்டியில் பராமரிப்பது என்று நான் பார்த்த ஓரிரண்டு இடங்களில் மட்டும் குளம் இன்னும் குளமாக இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன் தூர்வாரும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை நிரந்தரமாகக் குறித்துவிடுங்கள்.

சார், நான் மனை வாங்கத்தான் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அங்கீகார எண், ரெரா எண் எல்லாம் வக்கீல் பார்ப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. சித்திரை மாதம் பந்தல் போட்டு மோர் கொடுத்து அழைப்பார்கள், அப்போது போகாதீர்கள். கார்த்திகையில், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க் என்று போட்ட இடம் எங்கே இருக்கிறது, டிரான்ஸ்பார்மர் எங்கே, வடிகால் கடைசியில் எதில் போய்ச் சேருகிறது என்று முனை வரை நடந்து பாருங்கள். பல வடிகால்கள் பக்கத்து மனையின் வேலியோடு முடிந்துவிடும்.

அப்புறம் வெளியே வந்து பழைய ஊரில் ஒரு டீக்கடையில் உட்காருங்கள். 2015இல் தண்ணீர் இங்கே எதுவரைக்கும் வந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்ல மாட்டார், சுவரில் கை வைத்துக் காட்டுவார். பையில் அளவு டேப் இருந்தால் அங்கேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.